கறுப்பிக்காகச் சென்னை போக நினைக்கும் டீச்சருக்கு

மொரீஷியஸின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை, கால்நடை மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 27. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்துவிட்டு, தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். ஊர்க்கோவில் மதிலை ஒட்டிக் கிடந்த ஏழு தெருநாய்களுக்கு நான்கு வருடமாகச் சோறு வைத்து வந்தார். தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் அவற்றில் ஒன்றின் மேல் வண்டி ஏறிவிட்டது. கறுப்பி என்று இவர் பெயர் வைத்த பெட்டை. இரவு முழுக்க இவர் மடியிலேயே கிடந்து விடிவதற்குள் இறந்துபோனது. "என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை டாக்டர் அம்மா. துணியை நனைத்து வாயில் பிழிந்தேன். அவ்வளவுதான் செய்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். பள்ளி ஆண்டு முடிந்ததும் நவம்பர், டிசம்பரில் ஆறு வாரம் சென்னைக்குப் போய், தெருநாய்களுக்கான மருத்துவமனை ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்து, ஊசி போடவும் தையல் போடவும் கற்றுக்கொண்டு வர வேண்டும். சுற்றுலா விசா போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்டினால் "அறுவைச் சிகிச்சையில் நேரடிப் பயிற்சி" தருவதாக ஓர் இடத்திலிருந்து அழைப்பும் வந்திருக்கிறது. ஒரு நாயையும் கொல்லாத இடத்தில்தான் வேலை செய்வேன் என்கிறார். வெறிநோய்க்கு முன்கூட்டியே ஊசி தேவையா என்று கேட்டுவிட்டு, "நாய்க்குத் தன்னை நேசிப்பவர் யார் என்று தெரியும், என்னை இதுவரை ஒரு நாயும் கடித்ததில்லை" என்று அவரே பதிலும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குப் பயம், போக வேண்டாம் என்கிறாராம்.

அன்புள்ள டீச்சர்,

கறுப்பியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அந்த நிலையில் இருந்த நாயை வீட்டில் வைத்து யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் வலிக்கு மருந்து கொடுத்திருப்பேன். பிழைக்க வைத்திருப்பேனா என்றால் சந்தேகம்தான். அதனால் அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த முறைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அடிபட்ட நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு பலகையிலோ கெட்டியான போர்வையிலோ அசையாமல் படுக்க வைத்து, போர்த்தி, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் தூக்குவதற்கு முன் ஒரு துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவர் கையையும் கடிக்கும். அன்பு குறைந்து கடிப்பதில்லை, வலி பொறுக்காமல் கடிக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்ததும் இதுதான்.

நாய்க்குத் தெரியும் என்ற நம்பிக்கை

உங்கள் கோவில் நாய்களுக்கு உங்களைத் தெரியும். நான்கு வருடம் சோறு போட்ட கை அது. சென்னையில் வலை போட்டுப் பிடித்து, வண்டியில் ஏற்றி, முன்பின் தெரியாத நாய்களின் வாசனைக்கு நடுவே கூண்டில் விடப்பட்ட ஒரு நாய்க்கு நீங்கள் யார்? அதைப் பிடித்தவர்களில் ஒருவர். நீங்கள் குனிந்து அதன் கண்ணைப் பார்த்துக் கொஞ்சினால், அதன் மொழியில் அது மிரட்டல். உங்கள் ஆறு நாய்களும் வாலை ஆட்டும் அதே செய்கைக்கு அது பல்லைக் காட்டும்.

இன்னொன்று. நீங்கள் வெறிநோய் இல்லாத தீவில் பிறந்து வளர்ந்தவர். இங்கே நாய் நகம் பட்டுக் கீறினால் டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிட வேண்டும். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருவது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது என்பது ஏறக்குறைய இல்லை.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, சென்னைப் புறநகரில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு விடுமுறை நாள்களில் உதவப் போவேன். ஒரு நாள் இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாடை தொங்கிக்கொண்டிருந்தது, எச்சில் வழிந்தது, பாலை நக்கப் பார்த்து முடியாமல் விட்டது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையுறை எடுக்க உள்ளே போகச் சோம்பல்பட்டு, வெறும் விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினேன். எலும்பு இல்லை. குட்டி கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் செத்தது. மூளையைப் பரிசோதித்தபோது வெறிநோய். என் ஆள்காட்டி விரல் நகத்தோரம் அன்று காலை உரித்த தோலின் புண் இருந்தது. கல்லூரியில் முன்தடுப்பூசி போட்டிருந்ததால் எனக்கு இரண்டு ஊசியோடு முடிந்தது. குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு 19 வயது, ஒரு ஊசியும் போட்டதில்லை. அவன் கைக்கீறல்களுக்குள், கிருமியை அங்கேயே முடக்கும் எதிர்ப்புப்புரத மருந்தைச் செலுத்தியபோது அவன் அம்மா வெளியே நின்று அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பையன் நன்றாக இருக்கிறான். போன வருடம் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

வெறிநாய் என்றால் நுரை தள்ளித் துரத்தும் என்று நினைப்போம். வாய் தொங்கி, மூலையில் சுருண்டு, பரிதாபமாகப் பார்க்கும் வெறிநோயும் உண்டு. உங்களைப் போன்ற மனசுள்ளவர்கள் அதைத்தான் முதலில் போய்த் தூக்குவார்கள்.

ஊசி, முதலில் உங்களுக்கு

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், தேவை. கட்டாயம் தேவை. தொப்புளைச் சுற்றிப் பதினாறு ஊசி என்ற கதையெல்லாம் பழைய மருந்தோடு போயிற்று. இப்போது போடுவது மேற்கையில், காய்ச்சல் ஊசி போல. முன்தடுப்பாக முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று என இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் சொல்கிறது. சில மருத்துவர்கள் 21 அல்லது 28-ஆம் நாளில் மூன்றாவதும் போடுவார்கள். தினமும் நாயைத் தொடப்போகிற உங்களுக்கு நானாக இருந்தால் மூன்றும் போடச் சொல்வேன். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் தவணை பாக்கி இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

முன்தடுப்பூசி போட்டுவிட்டால் கடிபட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடியோ, கீறலோ, புண்ணில் எச்சிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. பிறகு அன்றே மருத்துவமனைக்குப் போய் அன்று ஒரு ஊசி, மூன்றாம் நாள் ஒன்று. முன்தடுப்பு இல்லாதவருக்கு நாலைந்து தவணையோடு, தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமாக இருந்தால் எதிர்ப்புப்புரத மருந்தும் வேண்டும். அது விலை கூடியது, எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் கிடைக்காது. நீங்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி, வேறு யாருக்கோ தேவைப்படும் அந்த மருந்தையும் மிச்சப்படுத்துகிறது.

நீங்கள் போகும் காலம் வடகிழக்குப் பருவமழை. மழைத்தண்ணீர் தேங்கிய தரையில் எலி, நாய் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் எடுத்துப்போங்கள், செருப்போடு கூண்டு கழுவாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, விலங்குகளைக் கையாளும் வேலையில் ஏற்படும் கடிக்கும் பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அங்கே உங்கள் கைக்கு என்ன வேலை?

தையல் போடக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். அது நடக்காது, நடக்கவும் கூடாது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி பதிவுபெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். பணம் கட்டிய யாருக்கும் அறுவைக் கத்தியைக் கொடுக்கும் இடம், அந்த நாயைப் பயிற்சிப் பொருளாக்குகிறது. கறுப்பியின் வயிற்றில் முதல் தையலைப் பழகிப் பார்க்க ஒரு சுற்றுலாப் பயணியை நீங்கள் விட்டிருப்பீர்களா? அந்த அழைப்பை மறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் தங்கும் அறைக்கும் பணம் கேட்பது நியாயம். சிகிச்சை செய்யும் அனுமதிக்குப் பணம் கேட்பது நியாயமில்லை.

அப்படியானால் என்ன வேலை? கூண்டு கழுவுவது. கிண்ணம் கழுவுவது. எந்த நாய் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை, யார் தையலை நக்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. கூண்டு அட்டையும் பதிவேடும் எழுதுவது. கடைசியாகச் சொன்னதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கருத்தடைக்குப் பிடித்து வரும் நாயை அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்துக் கவனித்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விதி. பிடித்த தெருவின் பெயரை அட்டையில் தப்பாக எழுதினால், அந்த நாய் வேறு நாய்களின் எல்லையில் இறக்கிவிடப்படும். அன்றிரவே அவை அதைக் கிழித்துப்போடும். ஆசிரியரின் கையெழுத்துக்கு அங்கே இவ்வளவு மதிப்பு உண்டு.

உங்கள் தமிழ் இன்னும் பெரிய உதவி, கொஞ்சம் தெருத்தமிழ் பழகிக்கொண்டால். "கருத்தடை செய்யப்பட்டுள்ளதா?" என்று டீக்கடையில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "கு.க. பண்ணியாச்சா?" (குடும்பக் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம்), "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். காயத்தில் புழு விழுந்திருந்தால் "புழு வெச்சிருக்கு" என்பார்கள். முடி கொட்டினால் சொறி, ரத்தமாகப் போனால் ரத்தபேதி. இட்லிக்கடைப் பாட்டி "ரெண்டு நாளா யாரையும் தெரியாத மாதிரி பாக்குது, குரலே மாறிப்போச்சு" என்று சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநோயின் முதல் அறிகுறியை அந்தப் பாட்டி சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் பல தொண்டர்களுக்கு இந்த வாக்கியம் காதிலேயே விழாது. உங்களுக்கு விழும்.

இதையும் யோசியுங்கள். வெறிநோய் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாய் சாப்பிடும்போதும், குட்டியோடு இருக்கும்போதும் கிட்டே போகாதே. துரத்தினால் ஓடாமல் மரம் மாதிரி நில். கடித்தால் அடிக்குப் பயந்து மறைக்காமல் வீட்டில் சொல். இதைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் விளையாட்டாகவும் சொல்லிக்கொடுக்க மருத்துவர்களுக்கு நேரமும் கிடையாது, பெரும்பாலும் கைவரவும் கைவராது. உங்களுக்கு அது அன்றாடத் தொழில். மருத்துவமனைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, பக்கத்துப் பள்ளிகளில் இதைச் செய்யத் தயார் என்று சொல்லுங்கள். அவர்கள் உங்களை விடமாட்டார்கள்.

விசாவும் இடமும்

இந்தியாவின் இ-சுற்றுலா விசாவில், பணமோ வேறு பலனோ பெறாத குறுகிய காலத் தொண்டு அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான். ஆறு வாரமும் வேலை செய்தால் விசா நிபந்தனையை மீறியவர் ஆவீர்கள். நான்கு வாரம் வேலை, மீதி இரண்டு வாரம் உங்கள் முன்னோர் ஊரைத் தேடிப் போவது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏழாம் தலைமுறை வரை மொரீஷியஸ் இந்திய வம்சாவளியினருக்கு, 'வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்' என்ற ஓ.சி.ஐ. அட்டை உண்டு என்று மார்ச் 2025-இல் இந்தியப் பிரதமர் போர்ட் லூயிசில் அறிவித்தார். அதற்கு வேண்டிய பழைய குடியேற்றப் பதிவுகள் நீங்கள் படித்த மோக்கா நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்திலேயே இருக்கின்றன. இந்தப் பயணத்துக்குள் அட்டை கைக்கு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். நான் கால்நடை மருத்துவர், வழக்கறிஞர் அல்ல. சீட்டு வாங்குமுன் போர்ட் லூயிசிலுள்ள இந்திய ஹைகமிஷனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க, இவற்றைக் கேட்டு எழுதுங்கள்:

- இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா?
- முழுநேர மருத்துவர் எத்தனை பேர்?
- தொண்டர்களுக்கு வெறிநோய் முன்தடுப்பூசி கட்டாயமா?

மூன்றாவதற்கு "அதெல்லாம் தேவையில்லை, தைரியமாக வாருங்கள்" என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். தொண்டர் உயிரில் அக்கறை இல்லாத இடம், நாய் உயிரில் காட்டும் அக்கறையையும் நான் நம்பமாட்டேன்.

சென்னைக்கு இந்த வேலையில் நீண்ட வரலாறு உண்டு. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடுவது என்ற முறையை புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அங்கே 1964-இலேயே தொடங்கியது. மாநகராட்சி 1996-இல் ஏற்றுக்கொண்டது. இப்போது சட்டம் அசைந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 2025-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினோரே நாளில் அதைத் திருத்தியது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. தெருவில் நினைத்த இடத்தில் சோறு வைப்பதற்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. நம் கோவில் மதிலோரம் போல நினைத்து அங்கே இலையை விரித்துவிடாதீர்கள், மருத்துவமனையில் கேட்டுச் செய்யுங்கள்.

கொல்லாத இடம்

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். ஒரு நாயையும் கொல்லாத இடம் வேண்டும் என்கிறீர்கள். இடப்பற்றாக்குறைக்காக, செலவுக்காக ஆரோக்கியமான நாயைக் கொல்லும் இடத்துக்கு நானும் போகமாட்டேன். ஆனால் முதுகெலும்பு முறிந்து, புழு தின்றுகொண்டிருக்க, மூச்சுக்கு மூச்சு முனகும் நாயைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கறுப்பியின் அந்த இரவை நினைத்துப் பாருங்கள். விடியும்வரை அது பட்டதில் ஒரு மணி நேரத்தையாவது குறைக்க வழி இருந்திருந்தால், வேண்டாம் என்றிருப்பீர்களா?

நல்ல இடங்களில் மருத்துவர் பார்த்து முடிவெடுப்பார், முதலில் மயக்கம் கொடுத்துவிட்டுத்தான் செய்வார். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நின்றால் தலையில் கை வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். அன்று மாலை அறைக்குப் போனதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லி அழுங்கள். வீராங்கனையாக மறைத்து வைத்தவர்கள்தான் இரண்டாம் வாரத்தில் பெட்டியைக் கட்டுகிறார்கள். நீங்கள் போவது குட்டிகள் அதிகம் பிறக்கும் பருவம். பார்வோ என்ற வைரஸ் தரும் ரத்தபேதியில் ஒரே காலையில் நான்கு குட்டிகள் போவதைப் பார்க்க நேரலாம்.

அந்தக் கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கே போட்ட பூட்ஸை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள், துணிகளைப் பிளீச்சில் ஊறவைத்துத் துவையுங்கள். இல்லையென்றால் சென்னைக் கூண்டின் நோயை உங்கள் கோவில் வாசலுக்கு நீங்களே கொண்டுவருவீர்கள். ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிடலாம் என்ற எண்ணமும் வரும், எல்லோருக்கும் வரும். வெறிநோய் இல்லாத இந்தத் தீவுக்குள் நாய் கொண்டுவர அனுமதி, ரத்தப் பரிசோதனை, தனிமைக்காலம் என்று பெரிய ஏற்பாடு வேண்டும். வீட்டில் மீந்த மாத்திரைகளைச் சேர்த்துக் கொண்டுபோவதாக எழுதியிருப்பதும் வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கையுறை, பழைய துண்டுகள், கழுவக்கூடிய விரிப்புகள் கொண்டுபோங்கள்.

அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக்காட்டுங்கள். அவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஊசி போட்ட அட்டையையும், காப்பீட்டுத் தாளையும், மருத்துவமனை எழுதிய கடிதத்தையும் அவர் கையில் கொடுத்தால் அந்தப் பாதி குறையும்.

புறப்படுமுன் உள்ளூரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மதிலோரம் இருக்கும் ஆறு நாய்களில் எத்தனை பெட்டை என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றே இருந்தாலும், ஆறு வாரம் கழித்து நீங்கள் திரும்பும்போது அது சினையாக இருக்கலாம். விலங்கு நலச் சங்கத்தின் கருத்தடை முகாம் எப்போது என்று விசாரித்து, இப்போதே ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். அறுவைக்கு முதல்நாள் இரவு சோறு வைக்கக் கூடாது. அப்புறம், நீங்கள் இல்லாத நாள்களில் யார் சோறு வைப்பது என்று கோவில் காவலாளியிடமோ உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடமோ பேசி, ஒரு தாளில் கிழமைவாரியாகப் பெயர் எழுதி, மதிலில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.